காஞ்சன்பாக் மதிலைத் தாண்டி

காஞ்சன்பாக்

மார்கழியில் ஹைதராபாத்தின் குளிருக்கு ஏற்ற உடுப்பு சென்னைக்காரர்களிடம் இருக்காது. சித்தி கொடுத்த கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். ஆறரை மணிக்கும் வெளிச்சம் முழுதாக வரவில்லை. தெற்கே நீண்ட மதில். இந்தப் பக்கம் வீட்டோடு வீடு ஒட்டிய தெருக்கள், கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள், மசூதி மினார்கள். அந்தப் பக்கம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்த கருங்கல் உருண்டைகள், இடையிடையே சீதா மரமும் முள்ளும் காய்ந்த புல்லும். அங்கிருந்துதான் மயில் அகவியது. ஒன்று கூப்பிட, தூரத்தில் இன்னொன்று பதில் கொடுத்தது.

"தினமும் இதுதாம்மா எனக்கு அலாரம்" என்றார் சித்தப்பா. வல்லநாட்டுப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, உலோகவியல் படித்துவிட்டு இங்கே வேலைக்கு வந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஊர் திரும்பவில்லை. காஞ்சன்பாக்கில் இப்படிப் பல தமிழ்க் குடும்பங்கள் உண்டு. பாதுகாப்புத் துறையின் ஆய்வகங்களும் ஏவுகணைத் தொழிற்சாலையும் சிறப்பு உலோக ஆலையும் நெருக்கமாக அமைந்த பகுதி இது. அப்துல் கலாம் 1982-இல் ஏவுகணை ஆய்வகத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்றது இங்கேதான். 'அக்னிச் சிறகுகள்' படித்தவர்களுக்கு இமாரத் கஞ்சா என்ற பெயர் நினைவிருக்கும். பக்கத்திலிருந்த அந்தப் பாறை நிலத்தில்தான் 1985 ஆகஸ்டில் புதிய ஆய்வு மையத்துக்கு ராஜீவ் காந்தி அடிக்கல் நாட்டினார்.

பட்டா நிலமாக இல்லாத, ஆடு மாடு மேயும் பாறைப் பொட்டலை இந்த ஊரில் கஞ்சா என்பார்கள். நம்மூர் மேய்ச்சல் புறம்போக்கு மாதிரி. வருவாய்த்துறை பதிவேட்டில் அது எதற்கும் உதவாத நிலம். ஆனால் இந்தப் பாறைகளுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. வெடித்து உருண்ட கற்களின் இடுக்கில் கொம்பன் ஆந்தை முட்டையிடுகிறது, உடும்பு ஒண்டுகிறது, மழை பெய்தால் பாறைக்குழிகளில் தேங்கும் தண்ணீரைக் கௌதாரியும் கீரியும் குடிக்கின்றன. மரம் அடர்ந்திருந்தால்தான் காடு என்று பழகிய கண்ணுக்கு இது வெறுமையாகத் தெரிகிறது. ஆய்வகங்களின் மதிலுக்குள் கட்டடம் போக மிஞ்சிய பாறைக்காடு காவல் காரணமாகவே பிழைத்துக் கிடக்கிறது. 2025 ஜூலையில் பாலாபூர் பக்கத்து ஆய்வக வளாகத்தில் சிறுத்தை நடமாட்டம் என்று செய்தி வந்தபோது ஊரே பயந்தது. "மான் மயில் இருக்குன்னா பின்னாலேயே அதுவும் வரத்தானே செய்யும்" என்றார் சித்தப்பா.

புளிச்சக்கீரைத் துவையலும் சோள ரொட்டியும் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டோம். சித்தி இருபது வருடமாகக் காலையில் இட்லிக்கு அரைப்பதில்லை. "இந்த ஊர்த் தண்ணிக்குச் சோளந்தான் ஒத்துப்போகுது" என்பது அவள் கட்சி.

குர்ரம் செருவு

பாலாபூர் பக்கம் ஆட்டோவில் போனால், கடைகளுக்கும் கட்டுமானப் பொருள் குவியல்களுக்கும் பின்னால் திடீரென்று ஒரு கரை ஏறுகிறது. அதுதான் குர்ரம் செருவு என்னும் ஏரி. கரைமேல் நின்று பார்த்தால் முதலில் தெரிவது பச்சை. ஆகாயத்தாமரை. தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட செடி, சாக்கடையின் ஊட்டத்தில் ஏரியை மூடிவிட்டது. நீலத் தாழைக்கோழிகள் அதன்மேல் நடந்துபோகின்றன. ஓரத்தில் திறந்திருந்த கொஞ்சம் தண்ணீரில் மடையான் ஒன்று கழுத்தை இழுத்துக்கொண்டு நின்றது. அதன் காலடியில் மருந்துப்புட்டி, செருப்பு, பூஜைக்குப் போட்ட பூவோடு கட்டிய பிளாஸ்டிக் பை. தண்ணீரின் நிறம் தேநீர்க் கடையில் பாத்திரம் கழுவிக் கொட்டிய நிறம்.

2020 அக்டோபர் 13 அன்று ஹைதராபாத்தில் ஒரே நாளில் 19 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அக்டோபர் மாதத்தில் அதுவரை காணாத மழை. சந்திராயன்குட்டா பக்கம் பல்லே செருவு வழிந்து வீடுகளோடு ஆட்களையும் இழுத்துப்போனது. நான்கு நாள் கழித்து மறுபடி கொட்டிய மழையில், இரவில் இந்தக் குர்ரம் செருவின் கரை உடைந்தது. கீழே இருக்கும் ஹாஃபிஸ் பாபா நகரின் தெருக்களில் கார்கள் மிதந்தன. காஞ்சன்பாக் காவல் நிலைய எல்லைக்குள் வரும் பகுதி அது. எங்களைக் கூட்டிவந்த ஆட்டோக்காரரின் வீடும் அங்கேதான்.

"ஆபா, எங்க அம்மாவ அலமாரி மேல உக்கார வெச்சுட்டு நாங்க மொட்டை மாடியில நின்னோம். விடியுற வரைக்கும் தண்ணி எங்கிருந்து வருதுன்னே தெரியல. ஏரின்னு ஒண்ணு மேல இருக்குன்னே நெறைய பேருக்கு அன்னிக்குத்தான் தெரியும்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தில் நான் நின்றுவிட்டேன். சென்னை வேளச்சேரியில் 2015 டிசம்பர் வெள்ளத்தில் நாங்களும் இதே திகைப்போடுதான் நின்றோம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் வடிகால் என்பதும், ஒக்கியம் மடுவு வழியாகத்தான் அத்தனை தண்ணீரும் கடலைத் தேட வேண்டும் என்பதும் தண்ணீர் இடுப்புக்கு வந்த பிறகுதான் எங்கள் தெருவில் பேச்சாயிற்று. பள்ளிக்கரணைக்கு 2022-இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. மகிழ்ச்சிதான். அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் மேல் ஏரிகளுக்கும் கால்வாய்களுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை.

தெலங்கானா முழுக்க ஏரிகள் கோத்துக் கட்டப்பட்டவை. மேல் ஏரி நிரம்பினால் கலங்கு வழியே கீழ் ஏரிக்கு. காகதீயர் காலத்திலிருந்து வரும் வழக்கம். ஹைதராபாத்தில் இப்போது ஏரிகளுக்கு முழுக் கொள்ளளவு எல்லை அளக்கிறார்கள், பெரிய ஏரிகளைச் சுற்றி 30 மீட்டர் விலக்குப் பகுதி உண்டு, ஆக்கிரமிப்பை அகற்ற 2024-இல் ஹைட்ரா என்று தனி அமைப்பே வந்தது. எல்லைக்கல் நட வேண்டியதுதான். ஆனால் கல்லெல்லாம் ஏரியைச் சுற்றி மட்டும் நட்டால் அது தொட்டியாகிவிடும். வரத்துக் கால்வாய் வீட்டடியில் போய்விட்டால் மழைநீர் வராது, சாக்கடை மட்டும் வரும். ஏரி சாவது அங்கேதான் தொடங்குகிறது. மீனும் தவளையும் ஒரு ஏரியிலிருந்து இன்னொன்றுக்குப் போவதும் அந்தக் கால்வாய் வழியேதான்.

கரையில் எருமை மேய்த்துக்கொண்டிருந்த பாலாபூர் அம்மாளிடம் சித்தப்பா தெலுங்கில் பேச்சுக் கொடுத்தார். பதுகம்மா கொண்டாடும் நாட்களில், ஆவாரம்பூவும் குனுகுப்பூவும் அடுக்கிய கோபுரத்தைப் பெண்கள் எல்லாம் இந்தத் தண்ணீரில்தான் விடுவார்களாம். ஆவாரை தெலங்கானாவின் மாநிலப் பூ. "பூ அந்தக் கஞ்சாவுல பறிப்போம், தண்ணி இங்க இருந்துச்சு. இப்ப பூவை மார்க்கெட்டுல வாங்கி, தொட்டியில விடுறோம்" என்றார். ஒரு திருவிழா தன்னுடைய மேட்டுநிலத்தையும் ஏரியையும் சேர்த்தே இழந்திருக்கிறது. அந்த அம்மாள் அதைக் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். எனக்குத்தான் தாங்கவில்லை.

அம்பர்பேட்டையில் பதுகம்மா குண்டா என்ற குளம் குப்பையால் மூடிப்போய்க் கிடந்தது. அதைத் தோண்டி மீட்டு 2025-இல் திறந்துவிட்டார்கள். தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறி வந்ததாம். ஆக, மூடினாலும் சில இடங்கள் உள்ளே காத்திருக்கின்றன. குர்ரம் செருவுக்கும் அந்தக் கவனிப்பு கிடைக்க வேண்டும்.

பார்க்கஸ்

நிஜாமின் படையில் சேவகம் செய்ய ஏமனின் ஹத்ரமவுத்திலிருந்து வந்த அரபுக்காரர்களின் பேரன்மார் வாழும் இடம் பார்க்கஸ். லுங்கி கட்டிய பெரியவர்கள் கோதுமையும் ஆட்டிறைச்சியும் விடிய விடியக் குழைய வைத்த ஹரீஸைக் காலையிலேயே தட்டில் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். மேலே நெய் விட்டு, விரும்பினால் சர்க்கரை தூவி. மதியத்துக்கு மந்தி. பெரிய தாம்பாளத்தைச் சுற்றிக் குடும்பமாக உட்கார வேண்டும்.

நான் தேடிப்போனது கொய்யாவை. பார்க்கஸ் கொய்யா இந்த ஊரில் பேர் பெற்றது. உள்ளே சிவந்தது ஒன்று, வெளுத்தது ஒன்று என இரண்டையும் அறுத்து உப்பு மிளகாய்த்தூள் தடவிக் கொடுத்த வியாபாரி, தோட்டங்கள் வீட்டுமனைகளாகப் போய்விட்டதால் தன் கூடையில் பாதி இப்போது வெளியூர்ச் சரக்கு என்று மறைக்காமல் சொன்னார். தோட்டம் இருந்த காலத்தில் கிணறுகள் இருந்தன, ஏரி கசிந்து கிணறு ஊறியது. பழந்தின்னி வௌவால்கள் பொழுது சாய்ந்ததும் கூட்டமாக வருமாம். வலை போட்டு அவற்றோடு மல்லுக்கட்டிய கதைகளை அவர் ஆசையாகச் சொன்னதிலிருந்து, அந்தத் தொல்லை இல்லாமல் போனதில் அவருக்கே மகிழ்ச்சியில்லை என்று தெரிந்தது.

மீர் ஆலம்

மீர் ஆலம் ஏரியின் அணையைப் பார்க்க வேண்டும் என்று பல வருட ஆசை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நிஜாமின் திவானாக இருந்த மீர் ஆலம் பெயரில் கட்டியது. நேர்ச்சுவரே கிடையாது. 21 அரைவட்ட வளைவுகள் தண்ணீரை நோக்கி முதுகு காட்டி வரிசையாக நிற்கின்றன. தண்ணீரின் தள்ளலை ஒவ்வொரு வளைவும் இரு பக்கத்துத் தூண்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடும். இரண்டு நூற்றாண்டு தாண்டியும் சுவர் நிற்கிறது. சித்தப்பா கல்லைத் தட்டிப் பார்த்து, கையை எடுக்க மனமில்லாமல் நின்றார். ஒரு காலத்தில் நகரத்துக்குக் குடிநீர் கொடுத்த ஏரி இது. இப்போது இங்கும் ஆகாயத்தாமரைதான். இயந்திரம் வைத்து வாரி, கரையில் மலைபோல் குவித்திருந்தார்கள். கழிவுநீர் நிற்காதவரை அது திரும்ப வந்துகொண்டேதான் இருக்கும்.

வலை சரிசெய்துகொண்டிருந்த மீனவர் ஒருவர் அருகே உட்கார்ந்தேன். கொர்ரமேனு, அதாவது நம் விரால், தெலங்கானாவின் மாநில மீன். அது தலையை நீட்டிக் காற்றைக் குடித்துக்கொள்ளும், அதனால் கெட்ட தண்ணீரிலும் சமாளிக்கும். "மத்ததெல்லாம் எங்கம்மா? எங்கப்பா காலத்துல கெண்டையிலயே எத்தனை வகை! சின்ன மீனு போச்சு, அத நம்பி வந்த பறவையும் போச்சு" என்றார். அரசு விடும் குஞ்சுகள் கட்லா, ரோகு. நாட்டில் வளர்க்கத் தடை உள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தியும் எங்கிருந்தோ தப்பிவந்து வலையில் விழுகிறது. இருப்பதையெல்லாம் தின்கிற மீன். அதைப் பிடித்தால் திரும்பத் தண்ணீரில் விடுவதில்லை என்று அவர்களே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். எந்த அலுவலகமும் சொல்லாமல் செய்கிற இந்தக் காரியம் எனக்குப் பெரிதாகப் பட்டது.

சித்தப்பா குனிந்து கேட்டார்: "உங்க ஊர்ப் பக்கம் மடை திறக்க ஆள் உண்டா?"

"நீரட்டி இருந்தாங்க சார். எங்க தாத்தா காலத்துல."

"எங்க குளத்துக்கு நீர்பாய்ச்சி இருந்தார். அவர் சொல்லாம ஒருத்தன் கரையில மண் எடுக்க முடியாது."

இருவரும் கொஞ்ச நேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். மடை எப்போது திறப்பது, கலங்கில் பலகை எப்போது ஏற்றுவது, மீன் முட்டையிடும் மாதத்தில் எவ்வளவு தண்ணீர் விட்டுவைப்பது. ஏரியால் வயிறு நிறைந்த ஆட்கள் ஏரியைப் பார்த்துக்கொண்டார்கள். அந்த வேலையைத் துறை துறையாகப் பிரித்துக் கொடுத்தபோது கரை ஒரு துறைக்கும் சாக்கடை இன்னொன்றுக்கும் மீன் மற்றொன்றுக்கும் போயிற்று. கால்வாய் யாருக்கும் போகவில்லை.

ஏரியை ஒட்டி 1963-இல் திறந்த நேரு விலங்கியல் பூங்கா. 2020 வெள்ளத்தில் ஏரி வழிந்து அதன் சஃபாரி பகுதியே தண்ணீரில் நின்றது. சருகுமான் என்னும், முயலைவிடச் சற்றே பெரிய சின்னஞ்சிறு மானை இங்கே பெருக்கி அம்ராபாத் காட்டில் விட்டுவருகிறார்கள். நகரத்தின் ஆய்வகமும் பூங்காவும் சேர்ந்து செய்த அருமையான பணி. அம்ராபாத் என்ற காடு மிஞ்சியிருப்பதால்தான் அதைக் கொண்டுபோய் விட முடிகிறது.

ஹிமாயத் சாகர்

1908 செப்டம்பர் 28 அன்று மூசி ஆறு பெருகி ஹைதராபாத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். உஸ்மானியா மருத்துவமனை வளாகத்துப் புளியமரத்தில் ஏறியவர்கள் சுமார் 150 பேர் பிழைத்தார்கள். அந்த மரம் இன்றும் நிற்கிறது. வெள்ளத்துக்குப் பிறகு பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவை அழைத்து வகுத்த திட்டத்தில் எழுந்தவை 1920-இல் உஸ்மான் சாகர், 1927-இல் ஹிமாயத் சாகர்.

ஹிமாயத் சாகரின் கரையோரக் கடையில் சுடச்சுட மீன் வறுவல் வாங்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தோம். நீர் நடுவில் ஊசிவால் வாத்துகள், நாமக்கோழிகள் கறுப்புப் புள்ளிகளாக, மேலே ஆற்று ஆலா ஒன்று அப்படியே அந்தரத்தில் நின்று கவிழ்ந்து பாய்ந்தது. வேளச்சேரி ஏரியில் நான் மறந்தே போயிருந்த காட்சி. இது தற்செயல் இல்லை. 1996 மார்ச்சில் வந்த 111-ஆம் எண் அரசாணை, இரு ஏரிகளையும் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்கு, 84 கிராமங்களில், மாசு தரும் ஆலைகளையும் பெரிய குடியிருப்புகளையும் தடுத்தது. ஆமணக்கு எண்ணெய் ஆலை ஒன்று விலக்குக் கேட்டபோது உச்ச நீதிமன்றம் மறுத்தது. ஏரிக்குத் தீங்கு வராது என்று மெய்ப்பிக்க வேண்டியது ஆலை கட்ட வருபவர்தான் என்றது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் இன்றும் எடுத்தாளப்படும் வழக்கு அது.

2022 ஏப்ரலில் மாநில அரசு அந்தக் கட்டுப்பாடுகளை நீக்கி ஆணையிட்டது. நகரத்துக்கு இப்போது கிருஷ்ணா, கோதாவரித் தண்ணீர் வருகிறது, இந்த ஏரிகளின் தேவை குறைந்துவிட்டது என்பது காரணம். நிலம் விற்க முடியாமல் கால் நூற்றாண்டு காத்திருந்த கிராமத்தாரின் வருத்தம் நியாயமானது. ஏரியைக் காப்பாற்றிய அவர்களுக்கு நகரம் ஈடு எதுவும் தரவில்லை. அதைத் தந்திருக்க வேண்டுமே தவிர, ஏரியை விட்டுக்கொடுத்திருக்கக் கூடாது. குடிநீருக்கு ஏரி தேவையில்லை என்றால் வெள்ளத்தைத் தாங்கவும் தேவையில்லை என்று ஆகிவிடுமா? 2025 செப்டம்பர் கடைசியில் இந்த அணைகளின் மதகுகளைத் திறந்தபோது மூசி பெருகி நகரின் மத்தியப் பேருந்து நிலையத்துக்குள் புகுந்தது.

அதே ஆண்டு ஏப்ரல் 3 அன்று, கச்சிபௌலியில் பல்கலைக்கழகத்தை ஒட்டிய 400 ஏக்கர் கஞ்சாவில் மரம் வெட்டுவதை உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. மாணவர்கள் தடியடிக்கும் கைதுக்கும் நடுவே நின்று கேட்ட நிலம். அந்தப் பிள்ளைகளுக்கு இந்த நகரம் கடன்பட்டிருக்கிறது.

வனஸ்தலிபுரம்

கடைசியாக விஜயவாடா நெடுஞ்சாலையை ஒட்டிய மகாவீர் ஹரிண வனஸ்தலி. நிஜாமின் வேட்டைக்காடாக இருந்து, மகாவீரரின் 2500-ஆம் நிர்வாண ஆண்டான 1975-இல் சரணாலயமாகி அவர் பெயரைப் பெற்றது. சுமார் 14.5 சதுர கிலோமீட்டர். கிண்டி தேசியப் பூங்கா 2.7 தான். அதுவும் ஆளுநர்களின் வேட்டைநிலமாக இருந்ததே. இரண்டு நகரங்களிலும் வெளிமான் தப்பியது வேட்டைக்காரர்களின் வேலிக்குள்தான் என்பதை ஜீரணிப்பது எனக்குச் சுலபமாக இல்லை.

நுழைந்து கொஞ்ச தூரத்திலேயே மின்கம்பியில் பனங்காடை. தெலங்கானாவின் மாநிலப் பறவை. தசராவன்று இதைப் பார்த்தால் நல்லது என்ற நம்பிக்கைக்காகப் பிடித்து, சிறகைக் கட்டி, கூண்டில் காட்டிக் காசு வாங்குவோர் இன்னும் உண்டு. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 2023-இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, இது 30 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருப்பதாகச் சொல்லி மறுமதிப்பீடு கேட்டது. கம்பியிலிருந்து அது இறங்கியபோது விரிந்த நீலத்தைப் பார்த்தவர் யாரும் கூண்டைத் தேட மாட்டார்கள்.

புல்வெளியில் வெளிமான் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. நடுவே கறுத்த ஆண், முறுக்கிய கொம்பை முதுகோடு சாய்த்து நடந்தது. சித்தப்பா வண்டியிலேயே எழுந்து நின்றுவிட்டார். "வல்லநாட்டு மலையடிவாரத்துல பார்த்தது" என்றார். பெட்டைகள் ஒவ்வொன்றாகத் துள்ளிப் பாதையைக் கடந்தன.

வனக்காவலர் இளைஞர். மதில் வீடுகளைத் தடுக்கிறது, தெருநாய்களைத் தடுக்கவில்லை என்றார். மதில் பெயர்ந்த இடம் பார்த்து அவை கூட்டமாக நுழைந்து குட்டிகளைக் கடிக்கின்றன. மழைக்காலத்தில் பக்கத்துக் குடியிருப்புகளின் தண்ணீர் உள்ளே வருகிறது, அதோடு குப்பையும் களைவிதையும். புல்லைத் தின்னும் மானுக்கு முட்புதர் பரவுவது பட்டினிதான், ஆகையால் வருடந்தோறும் வெட்டியாக வேண்டும்.

"இப்ப எல்லாம் பச்சையா இருக்கு, உங்களுக்கு நல்லாத்தான் தெரியும். மே மாசம் வாங்க. தொட்டிகளுக்கு டேங்கர்ல தண்ணி ஊத்துவோம். எந்தத் தொட்டிக்கு எந்தக் கூட்டம் வரும்னு எனக்குத் தெரியும், ரெண்டு நாள் லாரி வரலைன்னா அதுகளுக்கும் தெரியும்" என்றார்.

அந்தச் சரிவிலிருக்கும் பழைய குட்டையைத் தூர்வாரி, மேட்டிலிருந்து வரும் ஓடையைத் திறந்துவிட்டால் லாரியே வேண்டியிருக்காதே என்று சித்தப்பா கேட்டார். காவலர் சிரித்துவிட்டு, ஓடை வரும் வழியைக் கையால் காட்டினார். அது மதிலுக்கு வெளியே தொடங்கியது. சித்தப்பா சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, எந்தக் காலனி, எந்தத் தெரு என்று கேட்டு எழுதிக்கொள்ள ஆரம்பித்தார்.